நமக்கென்று ஒரு கணு

பிளாக்செயின் என்ற சொல் காதில் விழுந்ததும் நம் விடுதியில் இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. ‘காசு பண்ணும் வழி’ என்பது ஒரு கட்சி. ‘வெறும் சூதாட்டம்’ என்பது மற்றொன்று. இக்கட்டுரை எந்தக் கட்சியையும் சார்ந்ததன்று. நாணயம் வாங்குவது பற்றியோ விற்பது பற்றியோ நான் ஒரு சொல்லும் எழுதப் போவதில்லை. பிளாக்செயின் என்பது அடிப்படையில் ஒரு பேரேடு. அப்பேரேட்டைப் பிறர் வாயிலாகக் கேட்டறியாமல் நாமே திறந்து படிப்பதற்கு ஓர் இயந்திரத்தை நிறுவுவது எங்ஙனம், நிறுவியதைக் கள்வரிடமிருந்து காப்பது எங்ஙனம் என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

ஊரில் மளிகைக் கடையில் பற்று வைத்து வாங்கும் வீடுகளை நாம் அறிவோம். கடைக்காரரிடம் ஒரு நோட்டு இருக்கும். வாங்குபவர் வீட்டில் ஒரு நோட்டு இருக்கும். சாமான் வாங்கும்போதெல்லாம் இரண்டிலும் எழுதுவார்கள். மாதக் கடைசியில் ஐயம் வந்தால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிடலாம். வீட்டு நோட்டு இல்லாதவர் கடைக்காரர் சொன்னதை ஏற்க வேண்டியதுதான். பிளாக்செயினும் இத்தகைய ஏற்பாடே. ஆனால் இங்கே நோட்டுகள் இரண்டல்ல, ஆயிரக்கணக்கில் உள்ளன. கடைக்காரர் என்று தனியே ஒருவரும் இலர். உலகெங்கும் உள்ள கணிப்பொறிகள் ஒரே பேரேட்டின் படியை வைத்துக்கொண்டு, புதிய பக்கம் வரும்போதெல்லாம் அதை விதிப்படி சரிபார்த்து ஏற்கின்றன. விதிக்கு முரணாயின் தள்ளுகின்றன.

அந்தப் பக்கத்தைக் ‘கட்டம்’ என்போம். ஒவ்வொரு கட்டத்தின் தலைப்பிலும் அதற்கு முந்திய கட்டத்தின் ஹாஷ் எழுதப்பட்டிருக்கும். ஹாஷ் என்பது எத்துணைப் பெரிய எழுத்துத் தொகுதியையும் கணக்கிட்டுச் சுருக்கினால் கிடைக்கும் ஒரு முத்திரை எண். மூலத்தில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை முற்றிலும் மாறிப்போகும். ஆதலின் பழைய கட்டம் ஒன்றில் எவரேனும் கை வைத்தால், அதன் பின்வந்த கட்டங்களில் உள்ள முத்திரைகள் பொருந்தாமற் போய்க் களவு வெளிப்படும்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிளாக்செயினைக் ‘கட்டச் சங்கிலி’ என்று சிலர் தமிழாக்கியுள்ளனர். நல்ல சொல்தான், ஆனால் பேச்சில் வழங்குவது மற்றையதே என்பதால் அதையே ஆள்கிறேன். ‘நோட்’ என்பதற்குக் ‘கணு’ என்ற சொல் மிகவும் பொருந்துகிறது. கரும்பிலும் மூங்கிலிலும் நாம் கண்ட கணுதான். பேரேட்டின் படியை வைத்திருக்கும் ஒவ்வொரு கணிப்பொறியும் ஒரு கணு. ‘சர்வர்’ என்றதும் இட்டலி கொண்டு வருபவர் நம் நினைவுக்கு வருவார். பெயர்க் காரணம் ஏறக்குறைய அதுவே. கேட்டதைக் கொண்டுவந்து தரும் இயந்திரம் சர்வர். ‘டெடிகேட்டட் சர்வர்’ என்றால், பலருக்குப் பங்கு போடாமல் ஒருவருக்கே முழுதாக வாடகைக்கு விடப்படும் இயந்திரம்.

எஞ்சியிருப்பது ஆர்.பி.சி. ‘தொலைவிலிருந்து ஏவும் முறை’ என்று அதை விளக்கலாம். நம் மேசையிலுள்ள நிரல் எங்கோ இருக்கும் கணுவிடம், ‘கடைசிக் கட்டத்தின் எண் யாது?’, ‘இம்முகவரியில் இருப்பு எவ்வளவு?’ என்று கேட்கிறது. கணு விடை சொல்லுகிறது. கேள்வியும் விடையும் ஜேசன் என்னும் எளிய எழுத்து வடிவில் போய் வருகின்றன. இவ்வாறு விடை தரும்படி அமைக்கப்பட்ட கணுவே ஆர்.பி.சி. கணு.

பேரேடுகள் பல உண்டு. 2009 ஜனவரி 3-இல் தொடங்கிய பிட்காயின் அவற்றுள் மூத்தது. நாங்கள் நால்வர் சேர்ந்து நிறுவியது 2015 ஜூலை 30-இல் தொடங்கிய எதீரியத்தின் கணு. இதில் 12 விநாடிக்கு ஒரு கட்டம் எழுதப்படுகிறது. இனிச் சொல்வன எல்லாம் அதைப் பற்றியவையே.

‘இலவசமாக விடை சொல்லப் பொதுக் கணுக்கள் எத்தனையோ இருக்க, நாமே ஏன் நிறுவ வேண்டும்?’ என்று என் அறைத் தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. என் முதுகலை ஆய்வு, பணம் கைமாறும் பாதைகளை ஒரு வலைப்பின்னலாகக் கொண்டு, அதன் வடிவை இயற்பியல் முறைகளால் அளப்பது. தொடக்கத்தில் நானும் இலவசப் பொதுக் கணு ஒன்றைத்தான் கேட்டுவந்தேன். அதன் பெயர் இங்கு வேண்டா. ஒரே முகவரியின் இருப்பை ஒரே நிமிடத்தில் இருமுறை கேட்டால் சில வேளைகளில் இருவேறு விடைகள் வரும். இது வஞ்சகம் அன்று. அந்த ஒரே பெயருக்குப் பின்னால் பல இயந்திரங்கள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று இரண்டு மூன்று கட்டங்கள் பின்தங்கியிருந்தால் பழைய விடையைத்தான் சொல்லும். ஆனால் விடை சொல்லியது எந்த இயந்திரம் என்று அறிய நமக்கு வழியில்லை. ‘இந்த எண் எங்கிருந்து வந்தது?’ என்று ஆய்வு வழிகாட்டி கேட்டால், ‘ஒரு கம்பெனி சொன்னது’ என்பதே மறுமொழியாகும். ஆய்வேட்டில் அதை எழுத முடியுமா?

இது மாணவனின் சங்கடம் மட்டுமன்று. 2020 நவம்பர் 11-ஆம் நாள், எதீரியத்துக்கு மிகப் பெரிய பொதுக் கணு நிலையமாகிய இன்ஃப்யூரா தடுமாறி நின்றது. அவர்கள் ஓட்டிவந்தது கெத் என்னும் நிரலின் பழைய பதிப்பு. அதிலிருந்த பிழையொன்றால் அந்தக் கணுக்கள் ஏனைய கணுக்களின் வழியை விட்டுப் பிரிந்து வேறு கிளையில் போய்விட்டன. அந்த ஒரு நிலையத்தை நம்பியிருந்த பணப்பைச் செயலிகளும் சந்தைகளும் திகைத்தன. பைனான்ஸ் உள்ளிட்ட சந்தைகள் எதீரியம் எடுப்பதைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்தன. பேரேடு ஆயிரம் கைகளில் இருந்தும் என்ன பயன்? படிப்பவர்கள் எல்லாரும் ஒரே சாளரத்தின் முன் கூடியிருந்தார்கள்.

இயந்திரத்தை விடுதி அறையில் வைக்கலாமே என்று தோன்றும். தில்லிக் கோடையில் அறை மின்விசிறியே திணறுகிறது. இரவும் பகலும் ஓடும் கணிப்பொறி தாங்குமா என்பது ஒன்று. பல்கலைக்கழக வலையில் வெளியிலிருந்து எதுவும் உள்ளே வர இயலாது என்பது மற்றொன்று. எனவே மும்பையில் உள்ள ஒரு நிலையத்தில் டெடிகேட்டட் சர்வர் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்தோம். நால்வருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு மெஸ் கட்டணத்தை விடக் குறைவே.

வாடகைக்கு எடுக்குமுன் அந்நிலையத்தின் விதிகளைப் படிக்க வேண்டும். ஜெர்மானிய நிறுவனமாகிய ஹெட்ஸ்னர், தன் இயந்திரங்களில் எதீரியக் கணு ஓட்டுவதும் தன் விதிகளுக்குப் புறம்பானது என்று 2022-இல் தெரிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் அங்கிருந்த சொலானாக் கணுக்கள் பல ஒரே நாளில் அடைபட்டன. வீடு பிடிக்கும்போது மாமிசம் சமைக்கலாமா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளும் நம்மவர்க்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வன்பொருளில் கவனிக்க வேண்டியது தட்டு ஒன்றுதான். நினைவகம் 32 ஜிகாபைட் போதும். செயலி நடுத்தரமானது போதும். ஆனால் சுழலும் பழைய தட்டு உதவவே உதவாது. 12 விநாடிக்கு ஒருமுறை பேரேட்டின் ஆயிரக்கணக்கான மூலைகளில் சிறு சிறு திருத்தங்கள் எழுத வேண்டியிருப்பதால், தட்டின் ஊசி ஓடி ஓடிக் களைத்துப் பின்தங்கிவிடும். என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி. வேண்டும். அதிலும் விலை மலிந்த வகைகள் சில எழுத்துச் சுமையைத் தாங்குவதில்லை. இன்றைய அளவில் 2 டெராபைட் தேவை. 4 இருந்தால் நிம்மதி. 2022 செப்டம்பர் 15-க்கு முற்பட்ட கட்டங்களின் உள்ளடக்கத்தை வேண்டாதவர் விட்டுவிடலாம் என்ற ஏற்பாடு 2025 ஜூலையில் வந்தது. அதனால் 300 முதல் 500 ஜிகாபைட் வரை மிச்சமாகும். பழங்கணக்கை ஆராயும் என் போன்றோர் அந்த மிச்சத்தை விரும்பலாகாது.

நிரல்கள் இரண்டு வேண்டும். 2022 செப்டம்பர் 15 வரை ஒன்றே போதுமாயிருந்தது. அன்றுதான் எதீரியம், மின்சாரத்தை எரித்துப் போட்டியிடும் பழைய முறையை விட்டு, பிணைத்தொகை வைத்தோர் வாக்களிக்கும் முறைக்கு மாறியது. அதுமுதல், எது சரியான கட்டம் என்ற வாக்கெடுப்பைக் கவனிக்க ஒரு நிரலும், கட்டத்திற்குள் இருக்கும் கணக்கைப் போட்டுப் பார்க்க ஒரு நிரலும் இணைந்து ஓடவேண்டும். முதல் வகைக்கு லைட்ஹவுஸ், டெக்கு, நிம்பஸ் முதலியன உள்ளன. இரண்டாவதற்குக் கெத், நெதர்மைண்ட், பெசு முதலியன உள்ளன. நாங்கள் லைட்ஹவுஸையும் கெத்தையும் தேர்ந்தோம். (‘கெத்’ என்ற பெயரைக் கேட்டுச் சென்னைத் தோழர்கள் சிரிக்கிறார்கள். அது கோ எதீரியம் என்பதன் சுருக்கமே!) இரண்டும் 8551 என்ற போர்ட்டில் தமக்குள் பேசிக்கொள்ளும், அன்னியர் எவரும் இடையில் புகாதபடி 32 பைட் கொண்ட ஓர் இரகசிய எண்ணை இரண்டுக்கும் பொதுவாகக் கொடுத்து வைக்கவேண்டும். போர்ட் என்பதை வாசல் என்று கொள்க. ஓர் இயந்திரத்துக்கு முகவரி ஒன்றே ஆனாலும் எண்ணிட்ட வாசல்கள் 65,535 உண்டு.

இனிப் பாதுகாப்பு. நான் எழுத வந்ததே இதற்காகத்தான்.

கெத்தின் ஆர்.பி.சி. வாசல் 8545. அதைத் திறந்து வைத்ததால் வந்த கேட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. முன்னாளில் கெத் நிரலுக்குள்ளேயே பயனர் தம் தனிச் சாவியை வைத்திருப்பர். பணம் அனுப்ப நினைக்கும்போது கடவுச்சொல்லைத் தந்து கணக்கைத் திறப்பர். திறந்த கணக்கு இயல்பாக 300 விநாடிகள் திறந்தே இருக்கும். 8545 வாசலும் உலகுக்குத் திறந்திருந்தால் என்ன ஆகும்? வாசலில் நிற்கும் கள்வன், ‘இந்தக் கணக்கிலுள்ளதை எனக்கு அனுப்பு’ என்று விநாடிதோறும் ஏவிக்கொண்டே இருப்பான். கணக்கு மூடியிருக்கும்வரை கணு மறுக்கும். உரியவர் கடவுச்சொல் தந்து திறந்த அந்த ஐந்து நிமிடத்துள் அவன் ஏவல் பலித்துவிடும். கடவுச்சொல்லை அவன் அறிய வேண்டியதே இல்லை! 2015 ஆகஸ்டிலேயே எதீரிய அமைப்பு இதைப் பற்றி எச்சரித்தது. ஆயினும் 2018 ஜூனில், சீன நிறுவனமாகிய கீகூ 360-இன் ஆய்வுக்கூடம், இம்முறையில் ஒரே கள்வனின் முகவரியில் 38,642 ஈதர் சேர்ந்திருப்பதைக் கண்டு வெளியிட்டது. அன்றைய மதிப்பில் அது 2 கோடி டாலருக்கு மேல்.

இதிலிருந்து இரண்டு விதிகள் பிறக்கின்றன. கணுவில் தனிச் சாவி எதையும் வைக்கலாகாது. இது முதல் விதி. பேரேட்டைப் படிப்பதற்குச் சாவி தேவையே இல்லை. பணம் அனுப்புவோரும் தம் சொந்தக் கணிப்பொறியிலோ தனிக் கருவியிலோ கையொப்பமிட்டு, கையொப்பமிட்ட தாளை மட்டும் கணுவிடம் தந்தால் போதும். தபால்காரரிடம் உறையைத் தருகிறோமேயன்றி வீட்டுச் சாவியைத் தருவதில்லை. 8545 வாசலை உலகுக்குக் காட்டலாகாது என்பது இரண்டாவது விதி. கெத்தில் ஆர்.பி.சி.யை நாமாகத் திறந்தாலன்றி அது திறவாது, திறந்தாலும் 127.0.0.1 என்ற முகவரியில் மட்டுமே, அதாவது அதே இயந்திரத்துக்குள் இருப்பவர்க்கு மட்டுமே செவி சாய்க்கும். வெளியிலிருந்து கேட்க முடியவில்லையே என்று சலித்து அதை 0.0.0.0 என்று மாற்றும்படி வழிகாட்டும் குறிப்புகள் ஏராளம். அப்படி மாற்றினால் எல்லாத் திசைக்கும் செவி திறந்துவிடும். மாற்றவேண்டா. வெளியிலிருந்து கேட்க வேறு வழி உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

வாசல்களுக்கு முன்னால் இயந்திரத்தின் நுழைவுக் கதவையே பூட்டவேண்டும். உபுண்டு லினக்ஸை நிறுவி எங்கள் சர்வர் கண்விழித்த முதல் இரவே, முன்பின் அறியாதோர் கதவைத் தட்டிய குறிப்புகள் பதிவேட்டில் பக்கம் பக்கமாக இருந்தன. ‘ரூட்’, ‘அட்மின்’, ‘டெஸ்ட்’ என்று பெயர் மாற்றி மாற்றிக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்த்திருக்கிறார்கள். நம்மீது பகை கொண்டவர்கள் அல்லர். உலகிலுள்ள எல்லாக் கதவுகளையும் தட்டிக்கொண்டே திரியும் நிரல்கள் அவை. அவற்றுக்கு விடை, கடவுச்சொல்லால் நுழையும் வழியையே எடுத்துவிடுவது. எஸ்.எஸ்.எச். என்னும் நுழைவு முறையில் சாவி இணை ஒன்றை உண்டாக்கலாம். பொதுச் சாவி சர்வரில் இருக்கும், தனிச் சாவி நம் மடிக்கணினியை விட்டு அகலாது. சாவியால் நுழைய முடிகிறதா என்று இன்னொரு திரையில் சோதித்துக்கொண்ட பிறகே கடவுச்சொல் வழியை மூடுங்கள். ரூட் என்ற தலைமைப் பெயரில் நேரே நுழைவதையும் தடுத்துவிட வேண்டும்.

அடுத்து ஃபயர்வால். உள்ளே வரும் எதையும் தடு என்பதே அதற்குத் தரும் முதற் கட்டளை. பிறகு விலக்குகள் சில. மற்றக் கணுக்களோடு கெத் பேசுவதற்கு 30303, லைட்ஹவுஸ் பேசுவதற்கு 9000, 9001, நாம் நுழைவதற்கு எஸ்.எஸ்.எச். வாசல். 8545, 8546, 8551, லைட்ஹவுஸின் 5052 ஆகியவை மூடியே கிடக்கட்டும். டாக்கர் என்ற பெட்டியில் வைத்து நிரல்களை ஓட்டுபவர்கள் இங்கே விழித்திருக்க வேண்டும். டாக்கர் ஒரு வாசலை வெளியிட்டால், உபுண்டுவின் எளிய ஃபயர்வால் போட்ட தடையை அது தாண்டிச் சென்றுவிடும். ஃபயர்வாலின் பட்டியலில் மூடியதாகக் காட்டும் வாசல் உண்மையில் திறந்திருக்கும். ஆதலால் பட்டியலை நம்பாமல், வேறோர் இடத்திலுள்ள கணிப்பொறியிலிருந்து என்மேப் கொண்டு வாசல்களைத் தட்டிப் பார்ப்பதே சரியான சோதனை.

வெளியே செல்வதிலும் ஒரு தடை வேண்டும் என்பது பலர் அறியாதது. கணு தன் தோழர்களைத் தேடும்போது, பிறர் சொன்ன முகவரிகளை எல்லாம் அழைத்துப் பார்க்கும். அவற்றுள் 10, 172.16, 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு முகவரிகளும் கலந்திருக்கும். சர்வர் நிலையத்தார் கண்ணுக்கு அது அண்டை வீடுகளின் கதவைத் தட்டும் கள்வன் செயலாகவே தோன்றும். எங்களுக்கும் ‘உங்கள் இயந்திரம் எங்கள் வலையைத் துழாவுகிறது’ என்று கடிதம் வந்தது. வெளி வலைக்குச் செல்லும் கம்பியில் அம்முகவரிகளைத் தடுத்துவிட்டு, கணு எவ்வாறு தோழர்களைத் தேடுகிறது என்று விளக்கி எழுதினோம், ஏற்றுக்கொண்டார்கள்.

இனி, மூடிய வாசல் வழியே நாம் மட்டும் கேட்பது எப்படி? ஒருவரே பயன்படுத்துவதாயின் எஸ்.எஸ்.எச். சுரங்கம் போதும். நம் கணிப்பொறியின் 8545-ஐச் சர்வரின் உட்புற 8545-ஓடு பிணைத்துவிட்டால், கணு நம் மேசையிலேயே இருப்பதுபோல் பேசலாம். பலர் பயன்படுத்துவதாயின் வயர்கார்டு என்னும் தனி வலை நன்று. ஒவ்வொருவருக்கும் ஒரு சாவி இணை. 51820 என்ற ஒரே யு.டி.பி. வாசல். சாவி இல்லாதவன் தட்டினால் அது மறுப்புக்கூடச் சொல்லாமல் ஊமையாக இருக்கும். தனி வலைக்குள் என்ஜின்எக்ஸை வாயிற்காவலனாக நிறுத்தி, ஒருவர் விநாடிக்கு இத்தனை கேள்விதான் கேட்கலாம் என்று வரம்பு கட்டினோம். ஒரே கடிதத்தில் பல கேள்விகளைக் கட்டி அனுப்பும் வழியும் உண்டு. கெத் இயல்பாக 1,000 வரை ஏற்கும். அதையும் குறைத்து வைத்தால்தான் வரம்பு வரம்பாக இருக்கும். கெத் விடை தரும் பிரிவுகளில் ‘ஈத்’, ‘நெட்’, ‘வெப்3’ என்ற மூன்று மட்டும் போதும். ‘அட்மின்’, ‘டீபக்’ இரண்டையும் தோழர்களுக்கும் திறக்கவேண்டா. எந்த இணையப் பக்கமும் கேட்கலாம் என்று பொருள்படும் நட்சத்திரக் குறியை எங்கும் இடவேண்டா. இட்டால் நாம் உலாவும் ஏதோ ஒரு பக்கம் நம் உலாவியின் வழியாகவே கணுவை ஏவக்கூடும்.

இவ்வளவும் முடிந்து ஓடவிட்டால், லைட்ஹவுஸ் சில நிமிடங்களில் தயாராகிவிடும். கெத் பேரேட்டை இறக்கிச் சரிபார்க்க ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். லைட்ஹவுஸ் விரைவது எதனால்? அண்மைய ஒரு கட்டத்தின் முத்திரையைப் பிறரிடம் வாங்கிக்கொண்டு, அங்கிருந்து தொடங்குவதால். யாரையும் நம்பாமல் இருக்கவே சொந்தக் கணு என்றோமே, இங்கே மட்டும் நம்பலாமா என்று கேட்பீர்கள். இந்த ஓரிடத்தில் நம்பத்தான் வேண்டியிருக்கிறது. ஆயினும் ஒருவரை அன்று. தமக்குள் தொடர்பில்லாத மூன்று இடங்களில் அதே முத்திரையைக் கேட்டு, மூன்றும் ஒத்திருந்தால் தொடங்கலாம். அதன்பின் வரும் ஒவ்வொரு கட்டத்தையும் நம் இயந்திரமே விதிப்படி சோதிக்கிறது.

பிறகு செய்யவேண்டியவை சில்லறை வேலைகள். கடிகாரம் துல்லியமாக ஓடவேண்டும்; தட்டு நிரம்புமுன் எச்சரிக்கை வரவேண்டும். விதிகள் மாறும் நாளுக்கு முன்பே நிரலைப் புதுப்பிக்கவேண்டும். 2024 மார்ச் 13, 2025 மே 7 ஆகிய நாட்களில் அப்படி மாறின. புதுப்பிக்காத கணுக்கள் மற்றவரோடு போகமுடியாமல் நின்றன. புதிய பதிப்பை இறக்கும்போது வெளியிட்டோரின் கையொப்பத்தைச் சரிபாருங்கள். ஆய்வுக்கு எண் எடுப்பவர்கள் ‘கடைசிக் கட்டம்’ என்று கேளாமல் ‘உறுதியான கட்டம்’ என்று கேட்கவேண்டும். கடைசிக் கட்டம் சில வேளை மாறிவிடும். ஏறத்தாழ 13 நிமிடம் பழகிய கட்டமே உறுதியானது. இப்போது என் ஆய்வேட்டின் ஒவ்வோர் அட்டவணைக்கும் கீழே கட்டத்தின் எண்ணும் அதன் முத்திரையும் நிற்கின்றன. ஐயமுள்ளவர் தம் கணுவில் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

எங்கள் கணுவில் இன்னும் சிலருக்கு இடமிருக்கிறது. கணிதம், பொருளியல், சட்டம் எதுவாயினும், பேரேட்டைப் படித்து ஆராய விரும்பும் சங்க உறுப்பினர்கள் வயர்கார்டில் ஒரு சாவி இணை உண்டாக்கி, பொதுச் சாவியை மட்டும் எனக்கு அனுப்புங்கள். தனிச் சாவியையும் சேர்த்து அனுப்புகிறவர்களுக்கு இடம் தரமாட்டேன். அவர்கள் இக்கட்டுரையை மீண்டும் ஒருமுறை படித்துவிட்டுப் புதுச் சாவியோடு வரலாம்.